கற்பனைதான் என்று சொன்ன நடை

8 பிப்ரவரி, ஞாயிறு

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் ஆண்டுவிழா நாடகத்துக்கு இன்று கடைசி ஒத்திகை. பக்கவாதம் வந்த அப்பா வேடம் எனக்கு. மூன்று வாரமாக வசனம் வந்தது, நடை வரவில்லை. இன்று வந்துவிட்டது. வலது காலை அரைவட்டமாக வீசி, இழுத்து வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சூப்பர் சார்! எங்க புடிச்சீங்க இந்த நடைய?" என்று செயலாளர் கேட்டார்.

"சும்மா, கற்பனைதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். கடைசி வரிசையில் என் மனைவி ஸ்டெல்லா, மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. தனியாக லிஃப்டில் இறங்கி வந்தது இன்றுதான்.

வீடு திரும்பிச் சாப்பிட்டோம். அவள் திட்டியிருந்தால் தேவலை. நான் தட்டை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க கற்பனைல கை வரலைங்க."

"ஸ்டெல்லா, நான் வந்து..."

"காலு கரெக்டாத்தான் இருந்துச்சு. ஆனா நடக்கும்போது எனக்குக் கை ஒரு மாதிரி மடங்கிக்கும். நான் நடக்கறேன், நல்லா பாத்துக்கோங்க."

எழுந்தாள். தடியைச் சுவரில் சாய்த்தாள். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடியில்லாமல் நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று இரண்டு வருடமாக அவள் காலையே பார்த்துப் பழகிய கண் எனக்கு; இப்போதும் காலைவிட்டு நகரவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கக் கேட்டாள்: "பாத்தீங்களா கைய?"

தலையாட்டினேன்.

இன்றைக்கு அது இரண்டாவது பொய்.