பழைய பக்கத்தில் வைத்த புதுக் காலண்டர்

அன்புத் தங்கச்சி மாரிசெல்விக்கு,

அண்ணன் பூதத்தான் மும்பை செம்பூரில் சிங்கம் மாதிரி இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா?

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டரில் லீவு எழுதுகிற பழைய பக்கத்தில், தேதியைத் தொட்டுக் குறிக்கிற புதுமாதிரிக் காலண்டரை நான்தான் வைத்தேன். மும்பையே வாய்பிளந்தது. "புதுசு இதுல வேலை செய்யாது அண்ணாச்சி" என்றாள் கம்ப்யூட்டர் பார்க்கும் மகேஸ்வரி. "எனக்கேவா?" என்றேன். உன் பிள்ளை காதுகுத்துக்கான என் லீவை முதல் ஆளாக எழுதினேன். காலண்டர் அழகாகத் தெரிந்தது. எழுதியது எதுவும் பதியவில்லை.

"லிஸ்ட்ல உம்ம பேரே இல்லியேய்யா, அந்த வாரம் வேற ரெண்டு பேரு போறாங்க, உமக்கு லீவு கிடையாது" என்றார் மேனேஜர்.

தாய்மாமன் மடி இல்லாமல் போயிற்று, மன்னித்துவிடு. சித்தப்பா மகன் பேச்சிராஜா மடியில் பிள்ளையை உட்காரவை. போட்டோ அனுப்பு. அதில் அவன் முகம் வேண்டாம், பிள்ளை முகம் மட்டும் தெரியட்டும்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

அண்ணன்