டுபினாவிலிருந்து வந்த சொல்

புர்னோ,
14 நவம்பர் 1993, ஞாயிறு

அன்புள்ள ஹெர்மினாவுக்கு,

யர்மிலா எழுதிக்கொண்டது. நலம்தானே? ஒன்பது வருடம் கழித்து இவளுக்கு என்ன திடீர்க் கரிசனம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் விலாசத்தை உன் தங்கையிடம்தான் வாங்கினேன். ஹாலந்தில் ஏதோ ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாயாம். ஏழு மொழி படித்தவள். போகட்டும், உழைத்துச் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஈரத்துணி தூக்குகிறவர்களுக்கு முதலில் இடுப்பில்தான் பிடிக்கும், பார்த்துக்கொள்.

இங்கே போன வாரமே பனி விழுந்துவிட்டது. இந்த வருடம் பிளம் நன்றாகக் காய்த்தது. உனக்குப் பிடித்த பிளம் கொழுக்கட்டையை இன்றும் செய்தேன், மேலே கசகசா தூவி. பதினோரு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறாய். நீயும் உன் பேராசிரியரும், அதாவது எனக்கு வாய்த்த புருஷன் ஆல்பினும், என் மேசையில் என் தலைக்கு மேலேயே ஐந்து மொழியில் பேசிக்கொள்வீர்கள். ஒருமுறை நானும் வாயைத் திறந்தேன். 'நீ தட்டச்சு மட்டும் பண்ணு யர்மிலா, யோசிக்கிறத நாங்க பாத்துக்கிறோம்' என்றார் அவர். நீ தட்டைப் பார்த்துச் சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சொற்பிறப்பு அகராதியின் ஆர் எழுத்துத் தொகுதி ஒருவழியாக அச்சுக்குப் போகிறது. அதில் 'ரோக்' என்ற சொல்லுக்கு ஆறு பக்கம். எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். நமக்கு ரோக் என்றால் வருடம். தெற்கே குரோவேஷியாக்காரனுக்குக் கெடு. ரஷ்யனுக்குத் தலைவிதி. நீ இருக்கிற ஊரில் பாவாடை, டென்மார்க்கில் நூல் ராட்டை. இதெல்லாம் ஒரே சொல்தான் என்று ஆல்பின் வாலிபத்தில் ஒரு புத்தகம் எழுதினார், நினைவிருக்கும். ராட்டை சுற்றுகிறது, அதுதான் வருடம். நூல் நீள்கிறது, அதுதான் விதி. நூலைத் துணியாக்கினால் பாவாடை. கேட்க எவ்வளவு அழகு. அந்த அழகை வைத்துத்தான் அவர் பேராசிரியர் ஆனார்.

நீ வந்து அதை உடைத்தாய். நம் பக்கத்து ரோக் எல்லாம் 'சொல்வது' என்ற வேரில் முளைத்தது, சொல்லி வைத்த நாள் கெடுவாயிற்று, சொன்னபடி நடப்பது விதியாயிற்று, பாவாடையும் ராட்டையும் இதற்கு உறவே இல்லை, முகம் ஒத்திருப்பதால் மட்டும் ரத்த சொந்தம் ஆகிவிடாது என்று எழுதினாய். கரடுப் பிரதியை அவரிடம்தான் முதலில் கொடுத்தாய். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, 'ரெண்டு சீட்டு அடிச்சுக் குடு. ஒண்ணு தப்பினா இன்னொண்ணுல மாட்டுவா' என்றார். அடித்துக் கொடுத்தேன். ஓல்ஷின்கா ஊர்க் கிழவிகள் நூற்கும் கழியை ரோக் என்பதாக ஒரு சீட்டு. டுபினா ஊர் நெசவாளிகள் நூல் உருண்டையை ரோக் என்பதாக இன்னொன்று. இரண்டும் பச்சைப் பொய். ஊர் ஊராகச் சேகரித்த சொற்களை வைக்கும் அகராதிச் சீட்டுப் பெட்டியில் நானே செருகினேன். வேறு யாராவது என்றால் தன் கட்சிக்கு எதிரான சீட்டைப் பார்க்காததுபோல் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். உனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? 'இவை என் முடிவுக்கு எதிரானவை, விளக்கத் தெரியவில்லை, ஆனாலும் மறைக்கக் கூடாது' என்று இரண்டையும் உன் பிரதியின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டாய்.

உன் பிரதியை அகராதிக் குழு விவாதித்த கூட்டத்துக்கு முதல் நாள் இரண்டு சீட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஓல்ஷின்கா ஒன்றே அன்றைக்குப் போதுமாக இருந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு சொல்லே இல்லை, நீயாகப் புனைந்தது என்றார் ஆல்பின். 'பெட்டியில இருந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன்' என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டு இல்லை என்று காட்டினார்கள். 'டச்சுக்காரன் ரோக்னா பாவாடைங்கிறான். நம்ம ஹெர்மினா அதக் காட்டித்தானே பதினோரு வருஷம் ஓட்டுனா' என்று பின்வரிசையில் எவனோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நீ அழாமல் உன் பேனாவை எல்லாம் பொறுக்கிக்கொண்டு போனாய். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான்.

இப்போது வந்திருக்கிற வில்லங்கத்தைக் கேள். நீ போனபின் அவர் உன் கரடுப் பிரதியை எடுத்துத் தன் கையால் எழுதி, அடியில் தன் பெயரெழுத்தைப் போட்டுவிட்டார். தன் பழைய புத்தகத்தைத் தானே மறுத்தார். வயதான காலத்தில் என்ன நேர்மை என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள். ஓல்ஷின்காவை மறக்காமல் எடுத்துவிட்டார். டுபினாவை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அது தான் சொன்ன பொய் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அகராதியின் புதிய பதிப்பாசிரியர் வாவ்ரா பொல்லாதவன். போன செவ்வாய் வீட்டுக்கு வந்து, 'நானே டுபினாவுக்குப் போய்ட்டு வந்தேம்மா. அங்க ஒருத்தருக்கும் இந்தச் சொல் தெரியல. சீட்டும் இல்ல. சார் எங்கேருந்து எடுத்தார்?' என்று கேட்டான். அவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். யார் வந்தாலும் இப்போது அப்படித்தான் சிரிக்கிறார். இருபத்தாறாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் கூட்டத்தில் வைத்துவிடுவானாம். வைத்தால் உனக்கு நடந்ததுதான் அவருக்கும். நாற்பது வருடப் பேர் ஒரே நாளில் போய்விடும். அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். டுபினாச் சொல்லையும் நீதான் கற்பனை செய்து உன் குறிப்பில் சேர்த்தாய், உன்னை நம்பிப் பேராசிரியர் எடுத்தாண்டார் என்று நாலே வரி. கையெழுத்து மட்டும் போட்டு விரைவுத் தபாலில் அனுப்பு. ஏற்கெனவே ஒரு பொய் உன் தலையில் இருக்கிறது, இன்னொன்று ஏறினால் பெரிதாக என்ன ஆகிவிடும்? முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இந்தக் கடிதத்தையே வாவ்ராவிடம் நீட்டலாமே என்று தோன்றும். செய்யலாம், யார் தடுப்பது? ஆனால் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத மனிதரைக் கூட்டத்தில் நிறுத்தி நாலு பேர் சிரிப்பதைப் பார்க்க உனக்கு மனம் வராது. உனக்கு எதிரான சீட்டையே மறைக்கத் தெரியாதவள் நீ. அந்த இரண்டு சீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உன் கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அவரைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பி வந்துவிடாதே. ஞாயிறு தவறாமல் மேசையில் மூன்றாவது தட்டை அவரே எடுத்து வைத்துவிட்டு, 'ஹெர்மினா ஏன் இன்னும் வரல?' என்று கேட்கிறார். முதல் தடவை கேட்டபோது நீ செத்துப்போய்விட்டாய் என்று சொன்னேன். சாயங்காலம்வரை அழுதார். அடுத்த ஞாயிறு மறந்துபோய் மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். இரண்டு வருடமாக இப்படித்தான். இன்று மத்தியானமும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உள்ளே அழுதுகொண்டிருக்கிறார், எனக்குக் கேட்கிறது. நான் செத்தால் அவர் இப்படி அழுவாரா என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். தட்டை நகர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

கை நடுக்கம் அதிகம், அதனால் பெயரையும் தட்டச்சிலேயே அடித்துவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு, ஹெர்மினா. தாளை மட்டும் மறக்காமல் அனுப்பிவிடு.

உன் நலம் கோரும்,
யர்மிலா