கிரேன்காரர் சொன்ன ‘சரிங்க’

பாப்பா,

குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. உன்னை எழுப்பினால் நேற்றைய சண்டை தொடரும். அதனால் எழுதி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

காலையில் கிரேன்காரர் வந்தார். “கம்பிக்கயிறு நைஞ்சிருக்கு, மாத்திட்டுத் தூக்கலாம்னேன். முதலாளி நீங்களா நானான்னு பாப்பா கேட்டுச்சு. சரிங்கன்னுட்டேன்மா” என்றார்.

எதற்கெடுத்தாலும் உன் அப்பாவோடு மல்லுக்கு நின்ற மனிதர் அவர். அப்பா அவர் வாயை அடைத்த வாரத்தில்தான் கயிறு அறுந்தது. கீழே அப்பா நின்றிருந்தார். அன்றும் பட்டறையில் எல்லாரும் சரிங்க என்றுதான் சொன்னார்கள்.

பட்டறைக்குப் போனதும் அவரிடம், “என்ன செய்யலாம் மாமா?” என்று கேள். கேட்டால் கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

இன்னொன்று: தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, “எங்க வீட்ல குடுத்துடுங்கம்மா” என்று தந்துவிட்டுப் போனார். நான் கொடுக்கமாட்டேன். மேசைமேல் இருக்கிறது. சுமை தூக்குவதற்கு முன் நீயே அவர் கையில் கட்டிவிடு.