மஞ்சள் உடை எதைக் குறிக்கிறது?

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நீ எழுதிய கதை என் மகளின் ஒன்பதாம் வகுப்புப் பாடமாக வந்திருக்கிறது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறேன். அவள் புத்தகத்தோடு வந்து கேட்கிறாள்: "அம்மா, கதையில அந்தப் பொண்ணு பெரியவளானதும் தன்னோட மஞ்சள் நீச்சல் உடையை ஆத்துல விட்டுடறா. அது எதைக் குறிக்குது?"

கரண்டியைப் போட்டுவிட்டுப் படித்தேன். தோளில் வெள்ளைப் பட்டை, இடுப்பருகே பிரிந்து மறுபடி போட்ட தையல். என்னுடையதேதான். தைத்த நூலின் நிறம்கூட விடவில்லை நீ. ஆனால் நான் எந்த ஆற்றில் விட்டேன்? பள்ளி அணியில் என்னைச் சேர்த்த அதே வாரம் வயதுக்கு வந்தேன். "இனிமே இந்தக் கூத்தெல்லாம் வேணாம்" என்றார் அப்பா. அம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது நீ! மறுநாள் அந்தத் துண்டால்தான் அப்பா ஸ்கூட்டர் துடைத்தார்.

"முதிர்ச்சியை மனமுவந்து ஏற்றல்" என்று விடைக் குறிப்பு சொல்கிறதாம். என் மகள், "அது அவளுக்குப் பிடிச்சது, ஏன் விட்டாள்?" என்று எழுதியிருக்கிறாள். பூஜ்யம். பக்கத்திலேயே, "குறியீடு புரியவில்லை" என்று சிவப்பு மையில். அடுத்த கேள்வி, "கதையை உன் சொந்த வாழ்வோடு இணைத்து எழுதுக." இது யாருடைய சொந்த வாழ்வு என்று எவராவது கேட்டார்களா?

கேட்காமல் எடுத்தாய், போகட்டும், அக்காதானே. எடுத்ததைப் பொய்யாக்குவானேன்?

உன் தங்கை

ஜூலை 15

தவளைக்குட்டிக்கு,

கல்லூரியில் இடைவேளையில் உன் கடிதத்தைப் படித்தேன். அடுத்த வகுப்பு எடுக்கப் போக மனம் வரவில்லை.

விடைக் குறிப்பு நான் எழுதியதல்ல. அந்த 'மனமுவந்து' ஆசாமி கையில் கிடைத்தால் நானே நறுக்கென்று நாலு கேட்பேன்.

ஆனால் 'என்னுடையது, என்னுடையது' என்கிறாயே, வெட்டுவதற்காவது உனக்கு ஒன்று இருந்தது. நானும் நீச்சல் கற்கிறேன் என்று கேட்டபோது, "பெரியவளாயிட்ட, இப்பப் போய் என்ன நீச்சல்?" என்று அப்பா முடித்துவிட்டார். உனக்குத் துணைக்கு மட்டும் நான் வேண்டும். குளத்துப் படிக்கட்டில் உன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாயா? அந்தத் தையலைப் போட்டதே நான்தான். நூலின் நிறம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கத்தரிக்கோலை வைத்தும் எழுதிப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் அம்மாவின் முகம் வந்து நிற்கும், கை ஓடாது. நம் இரண்டு பேரில் ஒருத்தியாவது தன் கையாலேயே விட்டதாக இருக்கட்டுமே என்றுதான் ஆற்றில் விட்டேன். பொய் என்றால் பொய்தான். ஆனால் என்னை மட்டும் கூண்டில் ஏற்றுகிறாயே, அம்மா உன்னோடுதானே இருக்கிறாள்? அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

எனக்கும் கோபம் வரும்.

உன் அக்கா

ஜூலை 24

அக்கா,

கேட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "எந்த நீச்சல் உடை?" என்றாள்.

"மஞ்சள். நீ வெட்டினியே."

"அதுவா! அது உனக்குச் சின்னதாப் போச்சுடி. தோள்ல தடம் விழுந்துது. கேட்டிருந்தா புதுசு வாங்கித் தந்திருப்பேனே! ரெண்டு பேரும் வாயே தொறக்கல."

"புதுசை எங்க போட்டுக்கிட்டுப் போறது? அப்பாதான் போகக் கூடாதுன்னாரே!" என்றேன்.

"போய்ச் சேர்ந்த மனுஷனை இப்ப எதுக்கு இழுக்கற?" என்றவள், மின்விசிறி சத்தம் போடுகிறது, ஆளைக் கூப்பிடு என்று பேச்சை மாற்றிவிட்டாள். சின்னதாகிப் போனதாம்! நான் சாப்பிடாமல் சுருண்டு கிடந்ததெல்லாம் அளவு சரியில்லாததாலா?

என் மகள் அங்கேதான் இருந்தாள். "பெரியம்மாவுக்கு ஏன் ஒண்ணுகூட வாங்கித் தரல, பாட்டி?" என்று கேட்டாள். எனக்கு அதைக் கேட்கத் தோன்றவேயில்லை. அம்மா நகத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

குளத்திலிருந்து ஏறி வந்தால் துண்டை நீட்டுவாய், வாங்கிக்கொள்வேன். உன் கை நினைவிருக்கிறது. முகத்தை எவ்வளவு யோசித்தும் பிடிக்க முடியவில்லை.

கதை விஷயத்தில் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அந்த ஆறு எனக்கு இன்னும் செரிக்கவில்லை, அதை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது அவசரம் வேறு. அம்மா முன்னால் என்னால் தனியாக நிற்க முடியவில்லை. ரெண்டு வார்த்தையில் என்னைப் பச்சைப் பிள்ளையாக்கிவிடுகிறாள். அன்றைக்கு நாம் ரெண்டு பேர் இருந்தும் வாய் திறக்கவில்லை. இந்தத் தடவை ரெண்டு பேருமாகக் கேட்போம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடி. கை வீசிக்கொண்டு வந்தால் போதும். ஆனால் என் கோபம் ஆறுவதற்குள் வந்துவிடு.

தங்கை