வேப்பிலை கட்டிய நாங்கு மரம்

நலமே விளைக. மேகமலை நாடாளும் கோமான் மாறவரையர் திருவுளப்படி, அமைச்சன் ஆவூர் நக்கன் எழுதுவித்த ஓலை. நெல்லும் மீனும் குறைவற்ற முனைத்துறை மன்னர் செம்பரையர் கண்டருள்க. தங்கள் நாட்டில் மழை பிழையாதிருக்க; எம் இளங்கோவுக்கு மணம் பேசிய தங்கள் திருமகள் இளவெயினியார் நீடு வாழ்க.

மணமகன் புது அச்சுப் பூட்டிய தேரில் வாராவிடில் மணம் இல்லை என்பது தங்கள் குலவழக்கம். அச்சுக்கு ஏற்ற நேர்மரம் எம் மலையில் ஒன்றே உண்டு. அந்த நாங்கு மரத்தை வெட்டி வரும்படி தளபதி மழபாடி நம்பனார் அனுப்பப்பட்டார்.

அவர் மரத்தடியில் கூடாரமடித்து, வயிறார உண்டு, பிறகே அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு பொந்தின் வாய் மண்பூசி அடைக்கப்பட்டு, சிறு கீற்று மட்டும் திறந்திருந்தது. கள்வர் எதையோ ஒளித்தனர் என்று ஐயுற்று, ஏணியில் ஏறிக் கண்ணை வைத்தார். உள்ளிருந்து நீண்ட அலகு ஒன்று அவர் மூக்கைப் பதம் பார்த்தது. பேறுகால அறைக்குள்ளா ஐயா எட்டிப் பார்ப்பது என்று கோடரியாளர் விழுந்து விழுந்து சிரித்தனர்.

உள்ளிருந்தது இருவாச்சிப் பறவையின் பேடை. தன்னைத்தானே அடைத்துக்கொண்டு, சிறகுதிர்த்து, குஞ்சுடன் கிடந்தது. சேவல் ஊட்டினால்தான் இருவருக்கும் உயிர். அச்சேவலோ கூடாரத்துக்கு அஞ்சி, வாயில் அத்திப்பழத்துடன் காலைமுதல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு நம்பனார் பதைத்துப்போனார்.

வெட்டாவிடில் தம் தலை போகும். வெட்டினால் ஒரு குடும்பமே போகும். பிள்ளை பெற்ற வீட்டில் வேப்பிலை தொங்கினால் அரச சேவகரும் நுழையலாகாது என்பது எம் நாட்டு வழக்கம். அவர் அடிவாரத்திலிருந்து வேப்பிலை வருவித்து, தம் கையாலேயே மரத்தில் கட்டிக் கூடாரத்தைப் பெயர்த்தார். சேவல் இறங்கி ஊட்டியது.

வீங்கிய மூக்குடன் அவர் அவையில் நிற்க, சினந்தெழுந்த கோமான் சிரித்தமர்ந்தார். வேப்பிலையை அவிழ்க்க அவருக்கும் உரிமையில்லை. குஞ்சு பறக்கும்வரை அம்மரத்தடியில் கோடரியும் அடுப்பும் ஆகா என்று ஆணை பிறந்தது.

ஆதலால் எம் இளங்கோ பரிதியார் குறித்த நன்னாளில் தேரின்றி, நடந்தே வருவார். ஏற்பதும் மறுப்பதும் தங்கள் உரிமை. இளவெயினியாருக்கு அவர் சொல்லியனுப்புவது இது: கதவை அடைத்துக்கொண்டாலும், பழத்துடன் வாசலில் காத்து நிற்க அவர் கற்றுக்கொண்டாராம்.

இவ்வோலையை அரக்கிட்டு, மலைமுத்திரை பொறித்து, வேப்பிலைக் கொத்துடன் விடுத்தோம். கொணர்பவர் நம்பனாரே. அவர் மூக்கைக் கண்டு எவரும் நகைக்கலாகாது என்பதும் அரசாணை. எம் அவையில் அது இன்னும் நிறைவேறவில்லை.