கப்பலுக்குப் போகிறவர்கள் பின்னால் சரசு

1979 ஜூன் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது, கேட்டு அனுப்ப வேண்டும்.

கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளிலிருந்து இன்னொரு குடும்பம் ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியாவுக்குப் புறப்பட்டது. டிரங்குப் பெட்டி, மாலை, ஒப்பாரி. லொறி தலவாக்கலை ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், சாக்குகளுக்கு நடுவில் சரசு. ஏழு வயசு. மடியில் ஒரு துணிமூட்டை. யார் கப்பலுக்குக் கிளம்பினாலும் இவளும் பின்னாலேயே போய்விடுகிறாளாம். அப்பன் மாரிமுத்து அடித்து இழுத்து வந்தான். அழவில்லை. வாய் திறந்து பேசியும் மாசக்கணக்காகிறதாம்.

இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் மருத்துவிச்சியாக வந்தது போன மாசம்தான். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்கிற பிள்ளைக்காம்பராவின் ஆயாவிடம் விசாரித்தேன்.

"அவ ஆத்தா பிரசவத்துல டவுன் ஆஸ்பத்திரியில செத்துப்போச்சு மிஸி. அடக்கத்தன்னிக்கு இவளை வேற தோட்டத்துல வச்சிருந்தோம். புள்ள தாங்காதுன்னு, அம்மா இந்தியாவுக்குக் கப்பலேறிட்டான்னு சொல்லிட்டோம். லயமே அப்பிடித்தான் சொல்லுது."

தண்ணீர்க் குழாய்க்குத் தினமும் அடித்துக்கொள்கிற லயம். இதில் மட்டும் என்ன ஒற்றுமை.

ஜூன் 6, புதன்
மழை. இருமல்.

சரசுவுக்கு ஆளாளுக்கு வைத்தியம்:
டிஸ்பென்சர் – சத்து மருந்து.
பூசாரி – கறுப்புக் கயிறு.
வாத்தியார் – பிரம்பு. ("திமிருங்க, வேறொண்ணுமில்ல.")
மாரிமுத்து – வேலைக்குப் போகும்போது உள்ளே வைத்துப் பூட்டு.

ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. எரிச்சல்தான் வந்தது. இந்த மாசக் கடைசியில் கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் டிஸ்பென்சர். அங்கே அவளோடு தமிழில் யார் பேசுவது? போனால் திரும்பி வருவாளா?

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. எனக்கு மட்டும்தானே, அதையே சாப்பிட்டேன். லயத்தில் பாய் விரித்து உட்கார வைக்கிறார்கள், ஆனால் கூட உட்காருவதில்லை. ஸ்டாஃப் வீடுகளிலும் கூப்பிடுகிறவர்கள் இல்லை. பதுளையிலிருந்து அக்கா கடிதம் போடவில்லை. இன்று நான் பேசியதெல்லாம் நோயாளிகளோடுதான்.

ஜூன் 9, சனி
கொழுந்து எடை போட்ட பிறகு எல்லாரையும் பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொல்லியிருந்தேன். வரமாட்டார்கள் என்றே நினைத்தேன். வந்தார்கள். தேத்தண்ணீர், பிஸ்கட்.

உண்மையைச் சொல்லிவிடுவோம், எல்லாரும் ஒன்றையே சொல்வோம் என்றேன். ஒரே சத்தம். வாத்தியார்: "ஏழு வயசுப் புள்ளைகிட்ட சாவைப் பத்திப் பேசுறதாங்க?" ஆயா: "பின்ன? ஒவ்வொரு லொறியா ஏறிக்கிட்டே இருக்கட்டுமா?"

கடைசியில் முடிவானது: பிரம்பு வேண்டாம். பூட்டு வேண்டாம், பகலில் ஆயாவிடம் இருக்கட்டும். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும் (பூசாரியோடு மல்லுக்கட்ட முடியாது). டிஸ்பென்சர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பார். சொல்ல வேண்டியது அப்பன், நாளைக்கே, நாங்களும் பக்கத்தில்.

மாரிமுத்து வாசலிலேயே நின்றான். "என் வாயில வராது மிஸி." நானும் பயந்துதான் போயிருக்கிறேன். சொன்ன பிறகு பிள்ளை இன்னும் மோசமானால்?

ஜூன் 10, ஞாயிறு
மழை விட்டிருந்தது. மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை.

பிள்ளைக்காம்பராவில் எல்லாரும். மாரிமுத்து தரையில் உட்கார்ந்து சரசுவை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அம்மா இந்தியாவுக்குப் போகலம்மா. செத்துப்போச்சு. மேல் மலையிலதான் பொதைச்சிருக்கோம்."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்பச் சின்னக் குரல்.

"அப்ப அம்மா என்னைய விட்டுட்டுப் போகலியா?"

ஆயா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "இல்லம்மா, விட்டுட்டுப் போகல" என்று நான்தான் சொன்னேன். என்னிடமே மறுபடி கேட்டாள். பிறகு ஆயாவிடம், டிஸ்பென்சரிடம். வாத்தியாரிடம் கூடப் பயப்படாமல் போய்க் கேட்டாள். பொழுது சாயும்வரை ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். விட்டுட்டுப் போகல என்றே எல்லாரும் சொன்னோம்.