பெயர் சொல்லாததால் பறிபோன மூன்று கணித நோட்டுகள்

அனுப்புநர்:
சொர்ணம்,
மடைக்கார ராக்கன் மருமகள்,
அரிமளம்.

பெறுநர்:
உயர்திரு போலீஸ் சூப்பரிண்டெண்ட் அவர்கள்,
புதுக்கோட்டை சமஸ்தானம்.

பொருள்: பஸ் சோதனையில் பறித்த கணித நோட்டுகளைத் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. என் கணவர் கணிதத்தில் எம்.ஏ. தேறியவர். கண்மாய் மடை திறக்கும் என் மாமனார் உழவுமாட்டை விற்று அவரைத் திருச்சியிலும் சென்னையிலும் படிக்க வைத்தார். பள்ளிக்கூட வேலையைக் காசநோய் பறித்துக்கொண்டது. கணக்கைப் பறிக்க முடியவில்லை. ஆறு வருஷம் யோசித்ததைப் படுத்தபடியே மூன்று நோட்டில் எழுதி முடித்தார். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் அவை சென்னைப் பேராசிரியர் கைக்குப் போனால்தான் சர்வகலாசாலை பரிசீலிக்கும். வேறு பிரதி இல்லை. இனிமேல் எழுத அவர் விரல்களுக்கு வலுவும் இல்லை.

2. ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, அவற்றைத் தபாலில் சேர்க்க நான் பஸ்ஸில் வந்தேன். வழியில் சோதனை போட்ட போலீஸ் ஏட்டு நோட்டைப் புரட்டிவிட்டு, ஆகஸ்ட் கலகத்தில் தந்திக் கம்பி அறுப்பவர்களின் ரகசியக் குறிப்பு என்றார். கணக்கு என்றேன். யாருடையது, பெயர் என்ன என்று அதட்டினார். "ஆவுடையார்கோவில் சாமி பேருங்க" என்றேன். அவர் வெளியூர்க்காரர், அந்தச் சாமி பெயர் தெரியாமல் நான் கேலி செய்வதாக நினைத்து, 'பெயரை மறைத்தாள்' என்று எழுதி நோட்டுகளை எடுத்துக்கொண்டார்.

ஐயா, கணவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். திடமான புருஷன் உள்ளவர்களே சொல்வதில்லை. இரத்தமாக இருமுகிறவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? இது குற்றமானால் சமஸ்தானத்துப் பெண்களில் பாதிப் பேரை ஜெயிலில் வைக்க வேண்டியிருக்கும்.

3. நோட்டுகள் போனது அவருக்குத் தெரியாது. தபாலில் சேர்த்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து, "பதில் வந்திருச்சா சொர்ணம்?" என்கிறார். நாளைக்கு வரும் என்கிறேன். எட்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. கணிதம் தெரிந்த யாரிடமாவது நோட்டுகளைக் காட்டி, சந்தேகம் தீர்ந்ததும் முப்பதாம் தேதிக்கு முன் தந்துவிட வேண்டுகிறேன். கேட்ட பெயரைத் தராமல் பொருளை மட்டும் கேட்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாலி ஏறிய பதினொரு வருஷத்தில் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதுமில்லை. கீழே எழுதுகிறேன். உரக்க வாசிக்காமல் கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா.

அரிமளம்,
17-10-1942.

இப்படிக்கு,
சொர்ணம்,
ஆத்மநாதன் மனைவி.